முள்ளு நிக்கட்டும்: சபைக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை, ஆற்காடு, அரக்கோணம் என்று பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துச் சபைகளில் கமிட்டிப் பொறுப்பு ஏற்றிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

நான் ரேஷன் கடையில் 31 வருஷம் விற்பனையாளராக இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவன். அதற்கப்புறம் ஐந்து வருஷம் எங்கள் சபையின் பொருளாளர். இப்போது எந்தப் பொறுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன். என் சபையின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் யார் எவர் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள், சொல்ல வந்தது காணாமல் போய்விடும். அதுவும் போக, இது ஒரு சபையோடு நிற்கிற சங்கதி இல்லை. கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது நாலு சபைக்காரர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். போகிற இடமெல்லாம் இதே பேச்சுத்தான்.

தை பிறந்தால் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று காலையில் கோயில் இருக்கிற அழகை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் இரண்டு பக்கமும் கரும்பு கட்டியிருக்கும். பீடத்துக்கு முன்னால் புது நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், முள்ளு கத்திரிக்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல், ஒரு தட்டு நிறைய அதிரசம். பாட்டு நடுவில் சேவல் கூவும், பிள்ளைகள் சிரிக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். எங்கள் ஏலக்காரர் குரலுக்கு மைக் தேவையே இல்லை. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுப்பார். மூணாவது தரம் வாயில் வருவதற்குள் யாராவது நூறு ரூபாய் ஏற்றிவிடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் 700 ரூபாய்க்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். கடையில் ஐந்து ரூபாய் பழம். அத்தனை விலைக்குக் கேட்டவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் பொருளாளராக இருந்த முதல் வருஷம், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அம்மா ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் சாகிறதுக்கு முன்னால் நட்டுவைத்த கொடியில் காய்த்தது. அதை ஏலம் விட்டபோது அவரே கேட்டார். பக்கத்தில் ஒருவர் விளையாட்டாக ஏற்றிக்கொண்டே போக, இவரும் விடவில்லை. 600 ரூபாயில் மூணாம் தரம் சொல்லியாயிற்று. அவர் கையில் அன்றைக்கு நூறு ரூபாய்தான் இருந்தது. ‘மீதி மாசாமாசம் குடுத்துடறேண்ணா’ என்றார். அடுத்த ஐந்து மாதம், சம்பளம் வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். புடவை முந்தானையில் முடிந்திருக்கும் நூறு ரூபாயைப் பல்லால் இழுத்து அவிழ்ப்பார், தோல் வேலை செய்து விரல் அவ்வளவு மரத்துப் போயிருந்தது. ஆறாவது ரசீதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ‘முடிஞ்சுதாண்ணா?’ என்று கேட்டார். முடிந்தது என்றேன். ரசீதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்.

அதே வருஷம் அதே பந்தலில் ஒரு கேக் 15,000 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் வசதியானவர், மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். எல்லோரும் கை தட்டினோம். ஆயர் ஐயா அந்தக் குடும்பத்துக்காகத் தனியாக ஒரு ஜெபமும் செய்தார். நான் பொறுப்பை விட்டு இறங்கும்போது அந்தப் 15,000 இன்னும் நோட்டில்தான் இருந்தது.

அந்த நோட்டு நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. மேலே ‘ஏல பாக்கி’ என்று எனக்கு முந்தின பொருளாளர் எழுதியிருந்தார். அவர் கையெழுத்திலும் பக்கம் பக்கமாகப் பாக்கி, அப்புறம் என் கையெழுத்திலும் பாக்கி. கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கோயில் கூரையின் ஓடுகளை மாற்ற ஒவ்வொரு வீடாகப் போய் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

இதில் என் தப்பு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் வருஷக் கணக்கு வாசிப்பதற்கு முன்னால், பாக்கிப் பட்டியலையும் வாசிக்கலாமா என்று கமிட்டியில் கேட்டேன். ‘பேரை வாசிச்சா மனசு கஷ்டப்படுவாங்க, சபைக்கு வராம போயிடுவாங்க’ என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வருஷம் நானே கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் ‘வரவேண்டியவை’ என்று ஒரே வரியில் தொகையைப் போட்டு, அதையும் வேகமாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஐந்து வருஷமும் அப்படியே ஓடிப்போனது. அந்த ஷூ கம்பெனி அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பார்வையைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நான் வாசித்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது பழைய ஞாபகம் ஒன்று. அது ரேஷன் கடைக் காலத்தது. என் பிள்ளைகளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நான் 1985-ல் வேலைக்குச் சேர்ந்தபோது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது, பேர் மாறிக்கொண்டே வந்தது, 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் கடைக்கு 700 கார்டு. மின்னணுத் தராசெல்லாம் வராத காலம், உத்திரத்தில் தொங்கவிட்ட தராசு, இரும்புப் படிக்கல். கிடங்கிலிருந்து வரும் மூட்டை இத்தனை கிலோ என்று கணக்கில் இருக்கும். ஏற்றி இறக்குகிறவர்கள் கொக்கி போட்டு இழுப்பதில் சாக்கு கிழிந்து வழியெல்லாம் அரிசி சிந்தும். கடைக்கு வந்து நிறுத்தால் கிலோக் கணக்கில் குறையும். குறைந்தது விற்பனையாளர் தலையில் விடியும். அதனால் எல்லோரும் செய்வதை நானும் செய்யப் பழகினேன்.

அது ஒரு கை வித்தை. அரிசியைத் தட்டில் மெதுவாகப் போடாமல் உயரத்திலிருந்து வேகமாகக் கொட்ட வேண்டும். தட்டு சட்டென்று கீழே இறங்கும். அது திரும்ப மேலே எழுந்து முள் நடுவில் நிற்பதற்குள் தட்டைத் தூக்கிப் பையில் சாய்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். பார்க்கிறவருக்குத் தட்டு தாராளமாக இறங்கின மாதிரி இருக்கும். ஒரு கார்டுக்கு 300 கிராம் மிச்சமாகும். 700 கார்டுக்கு 210 கிலோ. கிடங்குக் குறைவை ஈடுகட்ட மாதம் 60, 70 கிலோ இருந்தால் போதும். மீதி? ஓர் இட்லிக் கடைக்குப் போனது. அந்தக் காசில் எங்கள் வீட்டில் பால் வாங்கினோம், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கினோம். அதில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகம் என்றுகூட எடுத்துக் காணிக்கைப் பையில் போட்டிருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் போட்டேன் என்பதுதான் உண்மை.

அந்த நாட்களில் நான் ஜெபம் பண்ணாதவன் இல்லை. பாடகர் குழுவில் இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் ஒருவேளை சாப்பாடு. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் கண்ணீர் விட்டு அழுதிருக்கிறேன், அந்தக் கண்ணீரும் பொய் இல்லை. ஞாயிறு ஒரு மனிதனாகவும் திங்கட்கிழமை தராசுக்கு முன்னால் வேறொரு மனிதனாகவும் இருப்பது அவ்வளவு சுலபமாகப் பழகிப்போயிருந்தது.

1993 என்று ஞாபகம். ஒரு பாட்டி வந்தார். நம் சபைக்காரர் இல்லை. பொன்னியம்மன் கோயில் தெருவில் தனியாக இருந்தவர், பீடி சுற்றிப் பிழைப்பு. நான் வழக்கம்போல அரிசியைக் கொட்டித் தட்டைத் தூக்கப் போனேன். பாட்டி தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். ‘வேதக்காரப் பிள்ளைன்னு சொன்னாங்க. முள்ளு நிக்கட்டும் நைனா’ என்றார்.

பின்னால் வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. விரலை எடுத்துவிட்டார். தட்டு மெதுவாக மேலே எழுந்தது, முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டு கை அரிசி போட்ட பிறகுதான் நேரானது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. எழுந்து போய் வேதாகமத்தை எடுத்து வந்து, ‘நாளையிலேர்ந்து நீங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி சேர்ந்து ஜெபம் பண்ணலாம். சங்கீதம் பதினஞ்சுலேர்ந்து ஆரம்பிக்கலாம்’ என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த எழுப்புதல். காலை ஐந்தரை மணி, பத்து நிமிஷம். பக்தி பொங்கி வழிந்த நாட்கள் அதில் கொஞ்சம்தான். பெரும்பாலும் தூக்கக் கலக்கம், அடுப்பில் பால் பொங்குகிற கவலை, பிள்ளைகளின் யூனிஃபாரம். அவர் கர்த்தருக்குள் நித்திரை அடைகிற வரைக்கும் இருபத்தைந்து வருஷம் அந்தப் பத்து நிமிஷத்தை விடவில்லை. காலையில் அந்தப் பத்து நிமிஷம் முழங்காலில் இருந்துவிட்டுப் போனால், ஒன்பது மணிக்குத் தராசைப் பிடிக்கும்போது கைக்கு ஒரு கூச்சம் வந்துவிடும். எனக்குத் தெரிந்த பக்தியின் பலன் இதுதான்.

கிடங்குக் குறைவை அதற்கப்புறம் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். மூட்டை இறங்கும்போதே நிறுத்துப் பார்த்து எழுதி வாங்க ஆரம்பித்தேன். அதற்குப் பகை வந்தது, இரண்டு தடவை தூரத்துக் கடைக்கு மாற்றினார்கள். எழுதி வாங்கியும் தீராத குறைவுக்குச் சம்பளத்திலிருந்து கட்டினேன். என் மனைவி தையல் மெஷின் போட்டார். வேதாகமத்தில் வரும் வரி வசூலிக்கிற சகேயு போல நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை, 700 வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? அந்தப் பாட்டி வீட்டுக்கு மட்டும் ஒரு படி அரிசியோடு போனேன். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகக் குறைத்துப் போட்டேன் என்று சொன்னேன். தலையைத் தூக்காமலே, ‘தெரியும் நைனா. எல்லாருக்கும் தெரியும்’ என்றார்.

கமிட்டியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தப் பாட்டி சொன்ன இந்த வார்த்தையில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். கேக் எடுத்தவர் பணம் கட்டவில்லை என்று சபைக்கே தெரியும். கமிட்டித் தேர்தலுக்கு முந்தின வாரம் யார் வீட்டில் பிரியாணி வெந்தது, யாருக்குக் கவர் போனது என்று தெரியும். காணிக்கையை யார் எண்ணுகிறார், எந்த அறையில் எண்ணுகிறார், கதவு திறந்திருந்ததா என்று தெரியும். பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். நம்மைச் சுற்றியிருக்கும் இந்து, இஸ்லாமிய அண்டை வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். கிறிஸ்தவர்களைக் குறிக்கும் ‘வேதக்காரர்’ என்ற பேரை நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஜனங்கள் நம்பிக்கையோடு சொன்னார்கள். அந்தப் பாட்டி அந்தப் பேரைச் சொன்னதும், அந்த நம்பிக்கையை வைத்துத்தான்.

நம் தமிழ் வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பொய் சொல்லாததற்கும் ‘உண்மை’ என்கிறோம், கடைசிவரை கைவிடாமல் இருப்பதற்கும் ‘உண்மையாயிரு’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ‘கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்’ என்ற லூக்கா 16-ம் அதிகாரத்து வசனம் கணக்கு வழக்கைப் பற்றியது. ‘நீ மரணபரியந்தம் உண்மையாயிரு’ என்ற வசனம் உயிர் போகிறவரை விசுவாசத்தில் நிற்பதைப் பற்றியது. நம் கல்லறைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள், இந்த இரண்டாவது வசனத்தை எத்தனை கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று. என் மனைவி கல்லிலும் அதுதான். ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அதைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தராசு ஞாபகம் வரும். சிறுவயதில் நான் இரண்டையும் வெவ்வேறாக நினைத்திருந்தேன். ஒன்று கடைக்கு, இன்னொன்று கோயிலுக்கு. சொல்லே அப்படிப் பிரிக்க விடவில்லை.

தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கக் கெபியை மட்டும்தான் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருகிறோம். அந்த 6-ம் அதிகாரத்தின் தொடக்கத்தை நிதானமாகப் படித்தால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரியும். 120 தேசாதிபதிகளும் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய மூன்று மேலதிகாரிகளில் அவர் ஒருவர். ராஜாவுக்கு நஷ்டம் வரக்கூடாது, அதற்குத்தான் அந்தப் பதவி. எதிரிகள் முதலில் தேடினது அவருடைய கணக்கில் ஓட்டை. அகப்படவில்லை. ‘அவன் உண்மையுள்ளவனாயிருந்தபடியால்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கப்புறம்தான் ஜெபத்தைப் பிடித்தார்கள். கட்டளை வந்த பிறகும் தானியேல் ‘தான் முன் செய்துவந்தபடியே’ மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். முன் செய்துவந்தபடியே என்ற அந்த வார்த்தையில் நான் நின்றுவிடுவேன். ஆபத்து வந்ததால் புதிதாக ஒரு விசேஷ உபவாச ஜெபம் ஏற்பாடு செய்யவில்லை. எப்போதும் செய்கிறதைச் செய்தார். அதே மனிதர்தான் கணக்கும் எழுதினார்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் ஐடா ஸ்கடர் அம்மையார் இருக்கிறார். இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ வரச்சொல்லிக் கூப்பிட்ட கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். அப்போது அவர் டாக்டர் இல்லை, ஆண் டாக்டரான அப்பாவை அழைத்துப்போக அந்த வீட்டார் ஒப்பவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். நாடகம் போட்டால் அந்த ராத்திரியைத்தான் போடுகிறோம். அது போட வேண்டியதுதான். ஆனால் அதற்கப்புறம் வந்த அறுபது வருஷத்தை யாரும் நாடகம் போடுவதில்லை. 1899-ல் அமெரிக்காவில் டாக்டர் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரில் அப்பா வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி. 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல் நம் மண்ணிலேயே காலமானார். வாரம் தவறாமல் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்தவர்களுக்குப் புண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். போன வாரம் பார்த்த அதே புண், அதே சீழ், அதே கட்டுத்துணி. அதில் கைதட்டல் எங்கே இருக்கிறது? ஒரு ராத்திரியில் கொடுத்த வாக்கை ஆயிரக்கணக்கான சாதாரணக் கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்த்தார் என்று எனக்குத் தோன்றும். நூறு நூறாக, முந்தானை முடிச்சிலிருந்து, அந்த ஷூ கம்பெனி அம்மா கட்டினது போல.

ஏல பாக்கியைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவது பணத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓடு எப்படியும் மாறிவிடும். பந்தலில் எல்லோருக்கும் முன்னால் கர்த்தருக்கு என்று சொல்லி ஒரு தொகையைக் கேட்கிறோம். அது பொருத்தனை, கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு. ‘கர்த்தாவே, யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?’ என்று கேட்கும் 15-ம் சங்கீதம் சொல்கிற பதிலில் பாட்டைப் பற்றியோ உபவாசத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. மனதாரச் சத்தியத்தைப் பேசுகிறவன், பரிதானம், அதாவது லஞ்சம், வாங்காதவன், ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்’ என்று போகிறது. அந்தக் கேக்கை எடுத்த அண்ணன் கெட்டவர் இல்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு ராத்திரி கண் முழித்துக் கூட இருந்தவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கும் மறந்துபோய்விட்டது. கேட்க வேண்டியது என் வேலை. நான் கேட்காமல் விட்டதால் அவருக்கும் நன்மை செய்யவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். வருகிற அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு முன்னால் பழைய நோட்டைத் திறங்கள். யார் பேரையும் மைக்கில் வாசித்து அவமானப்படுத்தச் சொல்லவில்லை. இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போங்கள். காபி குடியுங்கள், ஜெபம் பண்ணுங்கள், அப்புறம் நோட்டைக் காட்டுங்கள். ‘முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதை மரியாதையோடு கேட்டு, கமிட்டியில் வைத்து, தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொழில் நொடித்துப்போன வீடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். முடியாததை முடியவில்லை என்று சொல்வதும் உண்மைதான். முடிந்தும் கட்டாமல் இருப்பவரைக் கட்டச் சொல்லுங்கள். தவணையாகக் கட்டட்டும். முதலில் கமிட்டி உறுப்பினர்களின் பாக்கி. அது தீராமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு முகம் இருக்காது.

காணிக்கை எண்ணுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதவு திறந்திருக்கட்டும், மூன்று பேர் இருக்கட்டும், அதில் ஒருவர் கமிட்டியில் இல்லாதவராக இருக்கட்டும். அன்றன்றைக்கே தொகையைப் பலகையில் எழுதுங்கள். இது நம்பிக்கையில்லாத்தனம் என்று யாராவது சொன்னால், எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தை அப்போஸ்தலனாகிய பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை என்று எடுத்துக்காட்டுங்கள். சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட அழைத்துக்கொண்டார். ‘கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்’ என்று கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. பவுலுக்கு அந்த ஜாக்கிரதை வேண்டியிருந்தால் நமக்கு வேண்டாமா?

தேர்தல் விருந்தும் கவரும் பற்றி ஒரு வார்த்தை. நிறுத்திவிடுங்கள். அதற்குச் சாக்கு எதையும் நான் கேட்கத் தயாராக இல்லை. சபைச் சண்டையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் வக்கீலுக்குக் கொடுக்கும் பணமும் காணிக்கைப் பையில் விழுந்த பணம்தான், அந்த முந்தானை முடிச்சுப் பணமும் அதில் சேர்த்தி.

‘இப்படிக் கறாராக இருந்தால் ஜனங்கள் வேறு சபைக்குப் போய்விடுவார்கள்’ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. என் சொந்த மகன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: ‘அப்பா, எங்க ஆபீஸ்ல ஒரு டீ பில்லுக்குக்கூட கணக்கு வைக்கணும். சர்ச்சுல ஏன் யாரும் யாரையும் கேக்கறதில்ல?’ அவன் இப்போது கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்தான் வருகிறான். அவனைப் போல விலகிப் போன பிள்ளைகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். நாம் பாக்கி கேட்காததால் ஒருவரும் போகாமல் நின்றுவிடவில்லை, இவர்கள் போனது நம் கண்ணில் படவில்லை.

சாயங்கால ஜெபக் கூட்டம், கன்வென்ஷன், முழு இரவு ஜெபம் எல்லாம் நடக்கட்டும். நானும் வருகிறேன். ஆனால் புதிதாக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்வதற்கு முன்னால், வீட்டில் அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதா என்று கமிட்டியில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும், பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளும். பெரிய ஜெபம் வேண்டாம். ஒரு சங்கீதம், ஒரு கர்த்தருடைய ஜெபம் போதும். அலுப்பாக இருக்கிற நாளிலும் உட்காருங்கள். என் மனைவி போன பிறகு நான் தனியாகத்தான் உட்காருகிறேன். எதிரில் அவர் உட்காரும் பாய் சுருட்டியபடியே இருக்கிறது. சில நாள் வாய் திறந்து ஒரு வார்த்தை வராது. அப்படியே பத்து நிமிஷம் இருந்துவிட்டு எழுந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. பொறுப்பை ஒப்படைப்பதற்காக நீல நோட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தபோது, ஒரு பக்கத்தில் என் பெயரே இருந்தது. ஒரு சேவல், 1,200 ரூபாய். 500 கட்டியிருக்கிறேன், 700 பாக்கி. என் கையெழுத்தில்தான் இருந்தது, நான்தான் எழுதியிருக்கிறேன், சுத்தமாக ஞாபகம் இல்லை. அப்போதும் உடனே கட்டவில்லை, யாராவது கேட்டால் கட்டலாம் என்று இருந்துவிட்டேன். போன ஞாயிறு புதுப் பொருளாளர் தம்பியிடம் கட்டினேன். அந்தத் தம்பி, ‘இதுக்கெல்லாம் எதுக்குண்ணா, விடுங்க’ என்றான். ரசீது போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தான்.

காணிக்கை எண்ண ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எந்தச் சபையாக இருந்தாலும் பஸ் பிடித்து வருகிறேன். கண்ணாடி போட்டால் எண்களெல்லாம் நன்றாகத் தெரிகிறது. பத்து ரூபாய் நாணயத்தைத் தனியாகவும் ஐந்து ரூபாயைத் தனியாகவும் அடுக்கிவைத்து எண்ணுகிற வேலை எனக்குப் பிடிக்கும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
ஓய்வு பெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
காட்பாடி வட்டம்.